வெள்ளைப் பிளாஸ்ரரில் இரண்டு கையெழுத்து

யார் கையிலிருந்தும் அவர் எதையும் வாங்கமாட்டார். உப்புப் போத்தலை நீட்டினாலும் சரி, ஒரு பேனையை நீட்டினாலும் சரி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைப் பார்ப்பார். "மேசையிலை வையுங்கோ" என்பார். வைத்துவிட்டு நாங்கள் இரண்டடி பின்னால் போகவேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் முன்னால் வருவார், பொருளைத் தூக்குவார், திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மூக்கடிக்குக் கொண்டுபோவார். பேனையை மணந்து பார்த்த மனிதரை நான் அவரைத் தவிர வேறு கண்டதில்லை.

அவர் பேசியது ஜெர்மன். அதுவும் என்னுடையதைப் போலவே நொண்டி ஜெர்மன். ஆனால் அவரை நினைத்து நினைத்து, இப்போது என் மனதுக்குள் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். ஆகவே அப்படியே எழுதிவிடுகிறேன். கோபிக்காதீர்கள்.

சுவிஸில் லுசேர்ண் நகரத்து ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். அதன் குசினியில் நான் வேலை. சலாட், வெட்டிய பழம், குளிர்ச் சாப்பாடு என்னுடைய பகுதி. ஒவ்வொரு வருடமும் எங்கள் பக்கத்து மலைகளைச் சுற்றி ஒரு சைக்கிள் ஓட்டம் நடக்கும். உலகத்துப் பெரிய அணிகளெல்லாம் வரும். வாரக்கணக்கில் ஓடுகிற ஓட்டம் அல்ல, ஒரே நாள். காலையில் புறப்பட்டுப் பின்னேரம் முடிந்துவிடும். மற்ற ஓட்டங்களில் இன்றைக்கு விட்டதை நாளைக்குப் பிடிக்கலாம். இதில் நாளை என்று ஒன்று கிடையாது. காலையில் வயிறு சரியில்லை என்றால் அந்த வருடமே போய்விட்டது. அதனால் ஓட வருகிறவர்கள் எல்லோருமே கொஞ்சம் மிரண்டுபோய்த்தான் இருப்பார்கள்.

அந்த ஓட்டத்துக்காக ஒரு அணி மூன்று நாள் முன்னதாகவே எங்கள் ஹோட்டலில் வந்து இறங்கும். அந்த அணியோடு வருகிறவர்தான் இவர். வீரர்களின் கால்களைப் பிடித்துவிடுவது, குடிபோத்தல்களை நிரப்புவது, ஓடும் வழியில் சாப்பிடப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது இவருடைய வேலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. பெல்ஜியக்காரர் என்றார்கள், இல்லை, இத்தாலிப் பக்கம் என்றார்கள். நான் ஒருநாள் நேரே கேட்டேன், எந்த ஊர் என்று. "ஏன் கேக்கிறியள்?" என்றார். அவ்வளவுதான் பதில்.

பாத்திரம் கழுவும் பகுதியில் நின்ற இந்திராக்கா முதல் நாளே பெயர் வைத்துவிட்டா. சி.ஐ.டி. கொழும்பில் எங்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் குடைந்து குடைந்து கேட்டவர்களை நினைத்து வைத்த பெயர். ஒவ்வொரு வருடமும் அணியின் வான் வண்டி வாசலில் வந்து நின்றதும் உள்ளேயிருந்து அவவின் குரல் கேட்கும்: "தம்பி, சி.ஐ.டி. வந்திட்டான். கையைக் காலை ஒழுங்கா வைச்சிரு!"

எங்கள் குசினியில் பெரிய சமையற்காரர் தொடக்கம் கடைசி ஆள்வரை எல்லோரும் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் அழைப்போம். இவர் மட்டும் எல்லோருக்கும் 'நீங்கள்'. அது மரியாதையா, கிட்ட வராதே என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாவதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

முதல் வருடமே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஹோட்டலில் சோறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தமிழன் என்றால் சோறு தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. வீரர்களுக்கு வெள்ளைச் சோறு வடித்து வைத்தேன். இவர் வந்து பானைக்கு முன்னால் நின்றார்.

"நல்ல அரிசிதான், இண்டைக்குத்தான் பக்கற்றை உடைச்சனான்" என்றேன்.

"உடைக்கேக்கை நான் பார்க்கேல்லை. முதல் நீங்கள் சாப்பிடுங்கோ."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எட்டு வருடமாக அந்தக் குசினியில் நிற்கிறேன். என் கையால் சாப்பிட்டு ஒரு விருந்தாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனதில்லை. ஆனால் பெரிய சமையற்காரர் தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினார். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். முழுசாகக் கால் மணித்தியாலம். நான் விழுந்து செத்தேனா என்று பார்த்துவிட்டுத்தான் பானையைத் தூக்கினார். இந்திராக்கா பின்னால் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் குழாயைத் திறந்துவிட்டா.

"பார்த்தனீங்களோ?" அதுதான் அவருடைய சொல். மீன் புதுசு என்று சொன்னால், "பிடிக்கேக்கை பார்த்தனீங்களோ?" கத்தி கழுவியது என்றால், "கழுவேக்கை பார்த்தனீங்களோ?" ஒருநாள் பெரிய சமையற்காரர் பொறுக்க முடியாமல், மழை வரப்போகிறதாம் என்று சும்மா பேச்சை மாற்றினார். இவர் சன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் "ஓம்" என்றார்.

ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் அவர் போத்தல் நிரப்புகிற அழகைப் பார்க்கவேண்டும். ஹோட்டல் தண்ணீரைத் தொடமாட்டார். வானில் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் கொண்டுவருவார். நிரப்பி, மூடியை இறுக்கி, மூடிக்கும் போத்தலுக்கும் குறுக்காக, காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்ரரில் ஒரு துண்டு ஒட்டுவார். பிறகு, பாதி பிளாஸ்ரரிலும் பாதி போத்தலிலும் விழும்படி நீலப் பேனையால் கையெழுத்து வைப்பார். யாராவது கழற்றி மறுபடி ஒட்டினால் கையெழுத்தின் இரண்டு பாதியும் பொருந்தாது. ஓட்டம் தொடங்குகிறபோது பிளாஸ்ரரை உரிப்பதும் அவரேதான். வேறு அணிகளில் இந்த விசர் வேலை கிடையாது என்று அவர்களுடைய மெக்கானிக்கே என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

ஒரு வருடம் குசினிக்குப் பக்கத்து அறையில் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார். எங்கள் பாத்திரம் கழுவும் மெஷினின் நீராவி பட்டு ஐந்தாறு போத்தல்களில் பிளாஸ்ரரின் மூலை கிளம்பிவிட்டது. அவர் வந்து பார்த்தார். பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் ஊற்றினார்.

"நீராவிதான் ஐயா, வேறை ஒருத்தரும் உள்ளுக்கை போகேல்லை" என்றேன்.

"தெரியும்" என்றார். "நீராவிதான். ஆனால் நான் பார்க்கேல்லை."

இப்படி ஒருவர் எந்நேரமும் ஊரையே கள்ளனாகப் பார்த்துக்கொண்டு திரிந்தால், பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? இந்த மனிதன் எதையோ மறைக்கிறான் என்றுதான் தோன்றும். சைக்கிள் ஓட்டத்தில் மருந்தடிக்கிற கதைகள் ஊருக்கே தெரியும். "தான் ஏதோ செய்தபடியாத்தான் மற்றவையும் செய்வினம் எண்டு பயப்பிடுறான்" என்பது இந்திராக்காவின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். அவருடைய வானுக்குள் பூட்டுப் போட்ட ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதைத் திறக்கிறபோதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் திறப்பார். அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்கு நிச்சயம்.

மூன்றாவது வருடம் ஒரு மத்தியானம் பின் முற்றத்தில் வான் கதவு திறந்து கிடந்தது, பெட்டியும் திறந்து கிடந்தது, அவரைக் காணவில்லை. என்னை நானே பிடித்து நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. மெதுவாகப் போய்த் தலையை உள்ளே விட்டேன். வெள்ளைப் பிளாஸ்ரர் உருளைகள். ஒரு கத்தரிக்கோல். ஒரு கட்டு நீலப் பேனை. வேறு ஒன்றுமேயில்லை.

"பார்த்தனீங்களோ?"

எனக்கு உயிர் போய் வந்தது. பின்னால் நிற்கிறார். ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அவர் என்னை விலக்கிவிட்டுப் பெட்டியை வெளியே எடுத்து, சாமான்களையெல்லாம் நிலத்தில் கொட்டி, பெட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டிக் காட்டினார். "வடிவாப் பாருங்கோ. இஞ்சை, மூடிக்குள்ளையும் பாருங்கோ." சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதரின் முகத்தில் சிரிப்பு வந்தது. நாலு வருடத்தில் நான் கண்ட ஒரே சிரிப்பு. "சந்தேகம் வந்தால் பார்க்கவேணும். நல்லது" என்று சொல்லிவிட்டுத் தன் உருளைகளைப் பொறுக்கத் தொடங்கினார். அன்று முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. காட்டுவதற்கென்றே திறந்து வைத்திருப்பானோ என்று அடுத்த நாள் யோசித்தேன்.

கடைசியாக அவர் வந்த வருடம் அந்த அணியில் ஒரு தமிழ்ப் பொடியன் வந்தான். நிரோஜன். ஷ்லீரன் என்ற ஊரில் வளர்ந்தவன். தகப்பன் அங்கே தொழிற்சாலையில் வேலை, தாய் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிற வேலை. எங்கள் ஆட்களில் ஒருவன் இப்படியொரு அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சலாட் தட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டதும், "வணக்கம் மாமா, தமிழோ?" என்றான். சுவிஸ்காரன் மாதிரித் தமிழை நசித்து நசித்துத்தான் பேசினான். எனக்கு அதுவும் தேனாக இருந்தது. பெரிய ஒருநாள் ஓட்டத்தில் அவனுக்கு அதுதான் முதல் தடவை. தாய் தகப்பனோடு ஷ்லீரனிலிருந்து ஒரு வான் நிறையச் சனம் பார்க்க வருகிறது என்றான்.

அந்த நேரம் என்னுடைய தலைக்கு மேலும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சுவிஸ் குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்தில் கிடந்தது. இரண்டு கிழமையில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அகதியாக வந்து பத்தொன்பது வருடம். பொலிசில் ஒரு சின்ன வழக்கு, வேலை இடத்திலிருந்து ஒரு முறைப்பாடு, ஏதாவது ஒன்று போதும், எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நடந்துபோகிறபோதுகூட நின்றுதான் போவேன்.

ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் வேலை இடைவேளையில் பின் முற்றத்து மரவாங்கில் இருந்தேன். எனக்கு அந்தக் கிழமை தடிமனும் தும்மலும். மனுசி பிளாஸ்கில் மல்லித் தண்ணி காய்ச்சி அனுப்பியிருந்தா. நிரோஜன் வெளியே வந்து பக்கத்தில் இருந்தான். இருந்தவன் இருமினான். மறுபடி இருமினான்.

"என்ன தம்பி, நெஞ்சிலை சளியோ?"

"சின்ன இருமல்தான் மாமா. டொக்டர் பாத்தவர். நாளைக்கு ஓட்டமாம், இப்ப மருந்து ஒண்டும் தரமாட்டாராம்."

நான் பிளாஸ்கின் மூடியைக் கழற்றி ஊற்றினேன். "மல்லித் தண்ணிதான். மனுசி காய்ச்சினது. சூட்டோடை குடியும், இரவைக்கே கேக்கும்."

அவன் கோப்பையைப் பார்த்தான். பின்னால் திரும்பி வாசலைப் பார்த்தான். அணிக்காரரின் கையைத் தவிர வேறு யாரிடமும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாங்கக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அது அவனுக்கும் தெரியும், சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அரைகுறையாகத் தெரியும். ஆனால் வயதில் மூத்தவர் தருகிறதை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வீட்டில் ஒருவரும் பழக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கிய விதத்தைப் பார்த்து, நல்ல வளர்ப்பு என்று நான் உச்சி குளிர்ந்தேன், மடையன். "அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு மாமா" என்று கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

இருபது நிமிடம் ஆகியிருக்காது. நான் தக்காளி வெட்டிக்கொண்டிருக்கிறேன், இவர் குசினிக்குள் வருகிறார். நேரே என் மேசைக்கு வந்தார். பிளாஸ்கைச் சுட்டிக் காட்டினார். பொடியனின் வாய் மணத்தை வைத்தே பிடித்துவிட்டார்.

"இதுக்குள்ளை என்ன?"

"மல்லித் தண்ணி ஐயா. எங்கட வீடுகளிலை குழந்தைக்கும் குடுக்கிறது."

"என்னென்ன போட்டது?"

"மல்லி. வேர்க்கொம்பு. மிளகு. திப்பிலி." அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. மனுசிக்கு ரெலிபோன் எடுத்தேன். "நான் அம்மா அனுப்பின பக்கற்றிலை ரெண்டு கரண்டி போட்டனான். அதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்கென்ன தெரியும்?" என்றா அவ. யாழ்ப்பாணத்துக்கு மாமிக்கு எடுத்தேன். அங்கே இருட்டிவிட்டது. மாமி படுக்கையை விரிக்கிற நேரம்.

"அது சந்தையடிச் சரக்குக் கடைக்காரர் இடிச்சுக் கட்டித் தாறது தம்பி. பதினெட்டுச் சாமானாம். என்னென்ன எண்டு ஆர் கண்டது? ஏன் ராசா, உங்கை ஆருக்கும் வயித்தாலை போகுதோ?"

இவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். "அவவும் பார்க்கேல்லை" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் பாரம் உறைத்தது. அந்தப் பதினெட்டில் ஏதோ ஒரு வேர், தடை செய்த பட்டியலில் இருக்கிற ஏதோ ஒன்றாக இருந்தால்? பொடியனின் சிறுநீரைச் சோதித்தால்? தெரியாமல் குடித்தேன், மாமா தந்தார் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? அவனுடைய வாழ்க்கை முடிந்தது. பிறகு, யார் அந்த மாமா என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

அவர் வெறும் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து, பிளாஸ்கில் மிஞ்சியிருந்ததை அதில் ஊற்றி மூடினார். பிளாஸ்ரர் ஒட்டினார். தன் கையெழுத்தை வைத்தார். பேனையை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"நீங்களும் வையுங்கோ."

கையெழுத்து என்றாலே எனக்குப் பயம். கொழும்பில் ஒருதரம், எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்துக்காக நாலு மாதம் உள்ளே இருந்தேன். பேனையை எடுத்து மூடியைக் கழற்றினேன். வைக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொடியன் குடித்தது என் கையால். வைத்தேன்.

"இதை என்ன செய்யப்போறியள்?"

"வைச்சிருப்பன்."

"ஆருக்குக் காட்ட?"

"ஏன் கேக்கிறியள்?" என்றார்.

அடுத்த நாள் காலை ஏழு பேர் இருக்கவேண்டிய மேசையில் ஆறு பேர் இருந்தார்கள். நிரோஜன் படிக்கட்டில் சாதாரண உடுப்போடு குந்தியிருந்தான். கிட்டப் போனேன். "ஒண்டும் கதையாதேங்கோ மாமா" என்றான், தலையை நிமிர்த்தாமலே. "ஒருத்தரோடையும் கதைக்கவேண்டாம் எண்டு அவர் சொன்னவர்." கண் வீங்கியிருந்தது.

காலைச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் பஸ் பிடித்து ஓட்டம் வருகிற மலை ரோட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், வீட்டில் இருக்க முடியவில்லை. அங்கே வளைவில் ஷ்லீரன் சனம் முழுக்க நிற்கிறது. மேளம், கொடி, நிரோஜன் என்று தமிழில் பெரிதாக எழுதிய துணி. தாயார் பட்டுச் சேலை கட்டி, அதற்கு மேல் குளிருக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றா. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். சைக்கிள்கள் வந்தன. இருபது விநாடிகூட இல்லை, காற்று அடித்த மாதிரிப் போய்விட்டன. சனம் கத்தி முடிந்தபோது தாயார் மட்டும் ரோட்டின் கீழ்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றா. "எங்கட பிள்ளை வரேல்லையே" என்றா. தகப்பன் ரெலிபோனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஏதோ இருமலாம், ஓடவிடேல்லையாம்" என்றார்.

"ஐயோ, என்னட்டை விட்டிருந்தா ஒரு மல்லித் தண்ணி வைச்சுக் குடுத்திருப்பனே!" என்று தாயார் அழத் தொடங்கினா.

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் பார்த்தால் இவர். வீரர்களுக்குச் சாப்பாட்டுப் பை நீட்ட வந்திருக்கிறார், கொடுத்து முடித்து மிச்சத்தை அடுக்கிக்கொண்டிருக்கிறார். எனக்குள்ளே இருந்த பயமெல்லாம் ஒரே நொடியில் கோபமாகிவிட்டது. ரோட்டைக் கடந்துபோய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கோப்பை மல்லித் தண்ணிக்கு அந்தப் பிள்ளையின்ர நாளை நாசமாக்கிப்போட்டியள். அங்கை பாருங்கோ, பெத்தவள் அழுகிறாள்!"

அவர் கோபப்படவில்லை. "இப்ப அவை போகேக்கை பார்த்தனீங்களோ?" என்று கேட்டார். "குனிஞ்ச தலை நிமிராமல் கையை நீட்டினவை. ஆர் தாறது எண்டு பார்க்கேல்லை. சட்டை நிறத்தை மட்டும் பார்த்தவை. பைக்குள்ளை என்ன எண்டு பார்க்க அவைக்கு நேரமில்லை. அவைக்காக ஆரோ ஒராள் பார்க்கவேணும்."

பிறகு அவர் தாயாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். அதில் நிரோஜனின் பெயர் எழுதியிருந்தது. பிளாஸ்ரர் உரிக்கவில்லை. ரோட்டைக் கடந்துபோய், தாயாருக்குப் பக்கத்தில் இருந்த கல்மதிலில் அதை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகனின் பெயரைக் கண்டு எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. இவர் திரும்பி வந்து வானில் ஏறிப் போய்விட்டார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் கையெழுத்தோடு ஒரு போத்தல் எங்கோ ஒரு அலுமாரியில் இருக்கிறது. தபால்காரன் வருகிறபோதெல்லாம் யார் அனுப்பியது என்று முதலில் உறையைத் திருப்பிப் பார்ப்பேன். கெமைண்டே நேர்முகத்தில் ஏரிகளின் பெயர் கேட்டார்கள், குப்பையை எப்படிப் பிரிப்பது என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லச் சொல்ல, அடுத்த கேள்வி அந்தப் போத்தலைப் பற்றித்தான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சில மாதத்தில் சிவப்புக் கடவுச்சீட்டும் வந்தது. மனுசி சர்க்கரைப் பொங்கல் வைத்தா. நான் ஒரு கரண்டியோடு தட்டைத் தள்ளிவைத்தேன். கொடுத்ததைத் திருப்பி எடுக்கவும் அவர்களால் முடியுமாம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன்.

"கோதாரி விழுவான், அந்தப் போத்தலை வைச்சு ஒருநாள் உன்னை மாட்டத்தான் போறான். சொல்லிப்போட்டன்" என்பா இந்திராக்கா, சட்டியை உரஞ்சிக்கொண்டே.

அடுத்த வருடம் வான் வந்தது. அவர் இறங்கவில்லை. அவருடைய இடத்தில் ஒரு இளம் பெண் வந்திருந்தாள். நான் பழக்க தோஷத்தில் உப்பை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போனேன். அவள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பழைய ஆள் எங்கே என்றேன். இப்போது எங்களோடு இல்லை என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அப்பாடா, தொலைந்தான் என்று நினைத்தேன்.

பின்னேரம் பின் முற்றத்து வாங்கில் இருந்தபோது நிரோஜன் வந்தான். கொஞ்சம் தடித்திருந்தான். நாளைக்கு ஓடுகிறான்.

"மாமா, அவரைப் பற்றி உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"அண்டைக்குப் பின்னேரமே மனேச்சரிட்டைப் போனவர். எனக்கு இருமல் மருந்து குடுத்தது தான்தானாம். டொக்டரைக் கேக்காமல் தன்ர பையிலை இருந்து குடுத்திட்டாராம். அதாலை என்னை ஓடவிட ஏலாதாம்."

நான் அவனையே பார்த்தேன். "நீர் பார்த்தனீரோ?" என்று என் வாயில் தன்னால் வந்துவிட்டது.

"பக்கத்திலைதான் நிண்டனான். நான் உண்மையைச் சொல்ல வாயெடுக்க, காலை மிதிச்சவர். வெளியாளிட்டை வாங்கிக் குடிச்சன் எண்டு தெரிஞ்சிருந்தா என்னை அண்டைக்கே கலைச்சிருப்பினம் மாமா. உங்களையும் விட்டிருக்கமாட்டினம். அவரைத்தான் அந்த மாதமே நிப்பாட்டிப்போட்டினம்."

முற்றத்தில் மெக்கானிக் சைக்கிள்களுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். பானைக்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒல்லி மனிதர்தான் கண்ணுக்குள் நின்றார். ஒரு வருடமாக நான் அவரைத் திட்டாத நாள் இல்லை.

"அந்தப் போத்தல்?" என்றேன்.

"ரெண்டு கிழமை கழிய மருந்துச் சோதனைக்காரர் வீட்டை வந்து என்ர சிறுநீரைச் சோதிச்சவை. ஒண்டும் இல்லை. ஏதும் வந்திருந்தால் என்னைக் காப்பாத்த அதைத் திறக்கவேண்டி வந்திருக்கும் எண்டு சொன்னவர்."

ஆக, தேவைப்பட்டிருந்தால் திறந்திருப்பார். என் பெயரையும் சொல்லியிருப்பார். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவரை ஒரு கடவுளாக்கிவிட எனக்கு விருப்பமில்லை, அவரும் அதை நம்பமாட்டார்.

நிரோஜன் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தான். உள்ளே இருந்தது கறுத்துப்போயிருந்தது. பிளாஸ்ரர் மஞ்சளாகியிருந்தது. எனக்குப் பழக்கம் விடவில்லை, வாங்கின் மறுபக்கத்தைக் காட்டி, "உதிலை வையும்" என்றேன்.

"இல்லை மாமா. அவர் இதை என்னட்டைத் தரேக்கையே சொன்னவர், வைக்கவேண்டாமாம். உங்கட கையிலை குடுக்கட்டாம்."

ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். அவருடைய கையெழுத்து சாய்ந்து ஓடியது, அதற்குப் பக்கத்தில் என்னுடையது நடுங்கிக்கொண்டு கிடந்தது. நிரோஜன் உள்ளே போன பிறகு, போத்தலைக் குசினி விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடித்து, பிளாஸ்ரரின் ஓரத்தைச் சுற்றிவர நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் கிளம்பியிருக்கவில்லை.